பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிய நாள்

அடுத்த மாதத்திலிருந்து இந்த அலுவலகத்தின் மெயில் சர்வர் உங்கள் இருவர் பொறுப்பு. கடவுச்சொற்கள், பேக்கப், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் காகிதத்தில் இடம் இல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். இந்த ஐந்து வருடத்தில் நான் செய்த தவறுகளில் பெரியது இது. இந்த வேலை எனக்கு உண்மையில் பிடிபட்டதும் இதற்குப் பிறகுதான்.

என்னைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம்தான் தெரியும். நொச்சிக்குப்பத்துப் பெண் நான். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா சாலையோரம் மீன் விற்கிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை, பெருமைதான். வேலையில் சேர்ந்த புதிதில், அங்கே என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்டார். வருகிற மெயில் யாரிடமிருந்து வருகிறது என்று பார்த்து, சரியானதை மட்டும் உள்ளே விடுகிற வேலை என்றேன். "அப்ப வாச்மேன் வேலன்னு சொல்லு. அதுக்கு இன்னாத்துக்குடி இம்மாம் படிப்பு?" என்றார். அன்றைக்குச் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால், நம் தொழிலைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நம் சர்வர் வழியாக மெயில் பெறுகிற வாடிக்கையாளர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். தியாகராய நகரின் ஜவுளிக் கடைகள், நகைக் கடைகள், இரண்டு மூன்று பள்ளிகள், மயிலாப்பூரில் ஓர் அறக்கட்டளை. நான் சேர்ந்து இரண்டு வருடம் ஆனபோது எல்லோருக்கும் ஒரே புகார்தான்: குப்பை மெயில். நகைக் கடை முதலாளி ஒருவர் தினமும் காலையில் இந்த அலுவலகத்தை நடத்துகிற நம் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, தன் பெட்டியில் வந்த அசிங்கமான தலைப்புகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவார். அண்ணாச்சி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

அப்போதுதான் அந்த விதியை எழுதினேன். ஒரு சர்வர் நம் கதவைத் தட்டும்போது இணையத்தில் அதன் முகவரியான ஐபி எண் மட்டும்தான் நமக்குத் தெரியும். அந்த எண்ணுக்கு என்ன பெயர் என்று இணையத்தின் பெயர்ப் பட்டியலிடம் திருப்பிக் கேட்பதுதான் ரிவர்ஸ் டிஎன்எஸ். ஒழுங்காக நடத்தப்படும் மெயில் சர்வருக்குப் பெரும்பாலும் ஒரு பெயர் பதிவாகியிருக்கும். வைரஸ் பிடித்து, சொந்தக்காரருக்கே தெரியாமல் குப்பை அனுப்பிக்கொண்டிருக்கும் கணினிகளுக்குப் பெரும்பாலும் இருக்காது. எனவே பெயர் இல்லாதவர்களுக்கு 550 என்று பதில் சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம். 550 என்றால் போ, மறுபடி வராதே. இதற்குத் தம்பி மாதிரி இன்னொரு எண் உண்டு, 450. அதற்கு இப்போது முடியாது, பிறகு வா என்று பொருள். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இந்தக் கதை முழுவதும் இருக்கிறது.

மென்பொருளோடு தயாராக வரும் விதி ஒன்று உண்டு. அதை நான் பயன்படுத்தவில்லை. அது மெதுவாக இருக்கிறது, யாருக்கும் நேராகப் பதில் சொல்லாமல் பிறகு வா, பிறகு வா என்று இழுக்கிறது என்று நினைத்தேன். சொந்தமாக ஒரு சின்ன நிரல் எழுதினேன். எண்ணைக் கொடுத்துப் பெயர் கேட்கும், இரண்டு விநாடி காத்திருக்கும், பெயர் வந்தால் உள்ளே விடும். வராவிட்டால் 550. சர்வர் செய்வதையெல்லாம் பதிந்து வைக்கும் லாகில் விழ வேண்டிய வாக்கியத்தையும் நானே எழுதி வைத்தேன்: "இந்த சர்வருக்குப் பெயர் இல்லை. நிராகரிக்கப்பட்டது."

ஒரே வாரத்தில் குப்பை மெயில் கால்வாசிக்கு இறங்கியது. நகைக் கடை முதலாளி கூப்பிடுவதை நிறுத்தினார். எங்க ஆபீஸ் பொண்ணு செஞ்சது என்று அண்ணாச்சி எல்லாக் கடைக்காரர்களிடமும் சொல்லிவிட்டு, ஒரு கிலோ அல்வாவும் வாங்கி வந்தார். நான் லாகைத் திறந்து வைத்துக்கொண்டு, நிராகரிக்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது என்று வரிகள் ஓடுவதை உட்கார்ந்து பார்ப்பேன். உண்மையைச் சொல்கிறேன், அதில் ஒரு சுகம் இருந்தது. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து, எந்த வாசலில் போய் நின்றாலும் யார், எங்கிருந்து என்று கேட்கப்பட்டவள் நான். முதல்முறையாகக் கேட்கிற இடத்தில் இருந்தேன்.

ஏறத்தாழ ஒரு வருடம் அந்த விதி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அது நவம்பர் மழை. மூன்று நாளாக விடாமல் பெய்து, உஸ்மான் சாலையில் முழங்கால் தண்ணீர். நம் இணைய இணைப்பு அறுந்து போகவில்லை, ஆனால் தள்ளாடிக்கொண்டிருந்தது. மெயில் வருகிறதா என்று காலையிலேயே பார்த்தேன். வந்துகொண்டிருந்தது. பெரிய நிறுவனங்களின் மெயில்கள் எப்போதும்போல வந்து குவிந்தன. சரி, நம் பக்கம் பிரச்சினை இல்லை என்று முடிவு செய்தேன்.

மதியம் இரண்டரை மணிக்கு ஒரு போன் வந்தது. பக்கத்து மேசை தினேஷ் எடுத்துப் பேசிவிட்டு என்னிடம் நீட்டினான். ஆதம்பாக்கத்துப் பையன், எதையும் கிண்டலாகத்தான் சொல்வான். "யாரோ ராம்நாட் பக்கமாம். உன் கேட்டாண்ட நின்னுக்கினு கீறாரு. உள்ள உட மாட்டேன்றியாம்" என்றான்.

பேசியவர் ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு சிறிய கல்லூரியின் கம்ப்யூட்டர் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர். கல்லூரியின் மெயில் சர்வரும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. ஒரு பழைய கணினியில் ஓட்டுகிறார். அவருடைய மாணவி ஒருத்தியின் விண்ணப்பத்தை மயிலாப்பூர் அறக்கட்டளைக்கு அனுப்பியிருக்கிறார். அந்த அறக்கட்டளை வருடத்துக்குப் பன்னிரண்டு பெண்களை அடையாற்றில் தங்கவைத்து, ஒரு வருடம் கணினிப் பயிற்சி கொடுத்து, வேலைக்கும் அனுப்பும். குடும்பத்தில் முதலாவதாகப் படிக்கிற பெண்களுக்கு மட்டும். விண்ணப்பம் முதல்வரின் சான்றோடு கல்லூரியின் மெயிலிலிருந்துதான் வரவேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. முதல்வர் ஊரில் இல்லாமல் அன்று காலையில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி நேரம். எங்கள் சர்வர் அந்த மெயிலை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது.

லாகில் தேடினேன். இருந்தது. பெயர் இல்லை, நிராகரிக்கப்பட்டது.

எனக்குப் பதில் தயாராக இருந்தது. உங்கள் ஐபி எண்ணுக்குப் பெயர் பதிவாகவில்லை, உங்கள் இணைய நிறுவனத்திடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள், அதன் பிறகு தானாக வரும் என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். ஆனால் என் குரலில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியும்.

அவர், "அந்தப் பேரை வாங்கத்தான் மேடம் நான் ஏழு மாசம் நடையா நடந்தேன். வந்து ரெண்டு வருசமாச்சு. நீங்க அதப் பாத்தீகளா, இல்ல ஒங்க மெசினு சொல்றதச் சொல்றீகளா?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பவர் மாதிரி கேட்டார். நான் பார்க்கவில்லை. லாகை மட்டும்தான் பார்த்தேன். லாகில் இருந்ததோ ஒரு வருடத்துக்கு முன்னால் நானே எழுதி வைத்த வாக்கியம்.

லைனில் இருங்கள் என்று சொல்லிவிட்டு, என் கைப்பேசியின் இணையத்திலிருந்து அந்த எண்ணுக்குப் பெயர் கேட்டேன். கல்லூரியின் பெயர், சுத்தமாக, ஒரு எழுத்துக் குறையாமல் வந்தது. சர்வரிலிருந்து கேட்டேன். பதிலே வரவில்லை. மறுபடி கேட்டேன். ஐந்து விநாடி கழித்து வந்தது. என் நிரல் காத்திருப்பது இரண்டு விநாடி.

அந்த நிமிடத்தில் எல்லாம் விளங்கியது. பெயர் கேட்டால் இரண்டு பதில்தான் உண்டு என்று நினைத்து நான் நிரல் எழுதியிருந்தேன்: இருக்கிறது, இல்லை. மூன்றாவது ஒன்று உண்டு. கேட்டேன், தெரிந்துகொள்ள முடியவில்லை. அதை நான் 'இல்லை'யோடு சேர்த்துவிட்டேன். அன்றைக்குத் தெரிந்துகொள்ள முடியாமல் போனதற்குக் காரணம் நம் தள்ளாடும் இணைப்பு. அதற்கு 550 வாங்கியவர்கள் வெளியே நின்றவர்கள்.

அப்படியானால் காலையிலிருந்து பெரிய நிறுவனங்களின் மெயில் மட்டும் எப்படி வந்தது? அவை நாள் முழுக்க நம்மிடம் வந்துகொண்டே இருப்பவை. அவற்றின் பெயர்கள் ஏற்கெனவே நம் சர்வரின் நினைவில் இருந்தன, புதிதாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை. எப்போதாவது ஒருமுறை வருகிறவர்களுக்குத்தான் வெளியே போய்க் கேட்க வேண்டும். சிறிய ஊர்க் கல்லூரிகள், பஞ்சாயத்து அலுவலகம், ஒற்றை ஆள் நடத்துகிற அச்சகம். அவர்களை மட்டும் பார்த்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருந்தேன். அவர்கள் மெயில் வரவில்லை என்று இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த மனிதர் இன்னும் லைனில் இருந்தார். "பேரு இருக்கு சார். தப்பு எங்க பக்கம்தான்" என்றேன். "அப்பச் சரி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நிரலைத் திருத்துவது ஐந்து நிமிட வேலை. பதில் வராவிட்டால் 550 வேண்டாம், 450 சொல், பிறகு வரட்டும். அதைத்தான் முதலில் செய்தேன். மறுபடி அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். இணைப்பு தள்ளாடியது, பெயர் வரவில்லை, என் சர்வர் இந்த முறை சரியான பதிலைச் சொன்னது: பிறகு வா. அவருடைய சர்வர் அரை மணிக்கு ஒருமுறைதான் திரும்ப முயற்சி செய்யும், உடனே அனுப்பவைக்கும் வழி அவருக்குத் தெரியவில்லை. அடுத்த முறையும் இதே பதில் வரலாம். மணி மூன்றே கால். புத்தகப்படி பார்த்தால் இப்போது நான் செய்வது சரி. அந்தப் பெண்ணுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். முறைப்படி சரியாக இருப்பதற்கும், மெயில் போய்ச் சேருவதற்கும் நடுவில் ஒன்றை எடுக்க வேண்டியிருக்கும்.

அந்த விதியையே மழை விடும்வரை எடுத்துவிட வேண்டும் என்று அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். ஒரு கல்லூரிக்கு மட்டும் திறக்கலாமே என்றார். இந்த ஆள் போன் செய்ததால் இவரைத் தெரியும், போன் செய்யாதவர்களை எப்படித் திறப்பது என்று கேட்டேன். குப்பை முழுவதும் உள்ளே வரும் என்றார். வரும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்த நகைக் கடைக்காரர் இன்னிக்கே கூப்பிடுவாரு. நீதான் பேசணும் பாத்துக்க."

"பேசுறேன் அண்ணாச்சி."

விதியை எடுத்தேன். அடுத்த முயற்சியில், மூன்றே முக்கால் வாக்கில், அந்தப் பெண்ணின் விண்ணப்பம் உள்ளே வந்தது. கூடவே உலகத்தில் உள்ள மருந்து விளம்பரங்களும் வந்தன. நகைக் கடைக்காரர் கூப்பிட்டார். அவர் திட்டி முடிக்கும்வரை கேட்டு, என் தவறு என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன். யாரோ ஒரு ஊர்க் கல்லூரிக்காகத் தன் பெட்டியைக் குப்பைத் தொட்டி ஆக்கியதாகச் சொன்னார். மூன்று மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அந்த இழப்புக்கு நான்தான் காரணம், மறைக்கவில்லை.

விண்ணப்பம் வந்ததும் எல்லோரும் மூச்சு விட்டார்கள். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. காலையிலிருந்து திரும்பிப் போனவர்களின் பட்டியலை லாகிலிருந்து எடுத்தேன். பழைய குப்பைக்காரர்களைக் கழித்துவிட்டு ஒவ்வொரு எண்ணாகக் கைப்பேசியிலிருந்து பெயர் கேட்டால், இருபத்தேழு பேருக்கு உண்மையான பெயர் இருந்தது. அதில் ஒன்பது மெயில்கள் அந்த அறக்கட்டளைக்கு. ஒன்பதும் கல்லூரிகளிலிருந்து. ஒருவர்தான் போன் செய்தார். மற்ற எட்டுப் பேர், சென்னையில் ஒரு பெரிய இடம் வேண்டாம் என்றுவிட்டது என நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

தினேஷ் அந்த எட்டுக் கல்லூரிகளின் எண்களைத் தேடிப் பிடித்துக் கூப்பிட ஆரம்பித்தான். மூன்று இடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மற்ற இடங்களில் எடுத்தவர்கள், மெயில் அனுப்புகிறவர் கிளம்பிவிட்டார் என்றார்கள். நாலரைக்கு மேல் யார் இருப்பார்கள்? நான் அறக்கட்டளைக்குச் சொல்ல வேண்டும் என்றேன். அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை.

"டெக்னிக்கல் ப்ராப்ளம்னு ஒரு மெயில் போட்டு விட்ரு. என்னத்துக்கு நாமளே போயி மாட்டிக்கிடணும்?"

அந்த வார்த்தையை நீங்கள் நிறையக் கேட்பீர்கள். நானும் நிறையச் சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை, அதனால்தான் நம் தொழிலில் எல்லோருக்கும் அது பிடிக்கும். ஆனால் அதைக் கேட்டுவிட்டுக் கடைசி நாளைத் தள்ளிப்போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. நேரில் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அண்ணாச்சி தடுக்கவில்லை. தன் குடையை எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

ஆட்டோ ஆழ்வார்பேட்டையில் நின்று நின்று ஊர்ந்து லஸ் முனைக்கு வந்தபோது மணி ஐந்தரை. அறக்கட்டளையின் செயலாளர் பத்மா மேடம் மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா இந்த மழைல நனைஞ்சுண்டு வந்தே? ஒரு போன் பண்ணினா போறாதோ?" என்று துண்டு எடுத்துக் கொடுத்தார். நான் நின்றபடியே சொன்னேன். எட்டுப் பெண்களின் விண்ணப்பம் வரவில்லை, அவர்கள் நேரத்துக்கு அனுப்பினார்கள், நான் எழுதிய விதி தவறாகத் திருப்பி அனுப்பிவிட்டது. அவர் முகம் மாறியது. உள்ளே தேர்வுக் குழு உட்கார்ந்திருந்தது.

"இத நான் போய் சொன்னா அவாளுக்குப் புரியாது. நீயே வந்து சொல்லு."

நாலு பேர் இருந்தார்கள். ஈரத் துப்பட்டாவோடு நின்று, சர்வர், எண், பெயர் என்று முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். ஒரு பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஐந்து மணி என்றால் எல்லோருக்கும் ஐந்து மணிதானே என்றார். நியாயமான கேள்வி. ஒரு வருடத்துக்கு முன்னால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

"அஞ்சு மணிக்குள்ள வந்துட்டாங்க சார். கதவத் தொறக்காதது நான்" என்றேன்.

அவர் மற்றவர்களைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். திங்கள்கிழமை மாலை வரை நேரம் கொடுத்தார்கள். பத்மா மேடம் அந்த எட்டுக் கல்லூரிகளுக்கும் அறக்கட்டளையின் பெயரில் தானே போன் செய்தார். ஏழு விண்ணப்பங்கள் வந்தன. ஒரு கல்லூரியில் கடைசிவரை யாரும் போனை எடுக்கவில்லை. அந்த ஒரு பெண் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மழை விட்டதும், மென்பொருளோடு வந்த விதியையே திரும்பப் போட்டேன். பிறகு வா, பிறகு வா என்று அது இழுக்கிறதே என நான் எரிச்சல்பட்டேன் அல்லவா, அதை எழுதியவர்கள் என்னைவிட நிறைய அடி வாங்கிவிட்டு எழுதியவர்கள். லாகின் வாக்கியத்தையும் மாற்றினேன். பெயர் இல்லாவிட்டால் இல்லை என்றும், தெரிந்துகொள்ள முடியாவிட்டால் முடியவில்லை என்றும் இப்போது தனித்தனியாக எழுதும். இரண்டாவது வகை திடீரென்று கூடினால் வெளியே இருப்பவர்களைச் சந்தேகப்படாதீர்கள், நம் இணைப்பைப் பாருங்கள். யாராவது போன் செய்து மெயில் போகவில்லை என்றால், லாகை வாசித்துக் காட்டுவதற்கு முன்னால் நீங்களே வேறு இடத்திலிருந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். போன் செய்கிறவர் ஒருவர் என்றால், செய்யாதவர்கள் எத்தனை பேர் என்று பட்டியலை எடுங்கள். தவறு நம்முடையது என்று தெரிந்தால், கேட்பதற்கு முன்னால் போய்ச் சொல்லுங்கள். எனக்கு இதனால் வேலை போகவில்லை. அண்ணாச்சி நான்கு நாள் பேசவில்லை, ஐந்தாம் நாள் அறக்கட்டளை நடத்துகிற பள்ளி ஒன்றுக்கும் நாமே மெயில் பார்க்க வேண்டுமாம் என்று என் மேசைக்கு வந்து சொன்னார்.

ராமநாதபுரத்துப் பெண்ணுக்கு அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கில் இன்னும் கொஞ்சம் தேற வேண்டும் என்று குழு எழுதியிருந்தது. எனக்கு அந்த ஆய்வகக்காரரைக் கூப்பிடத் தயக்கம். அவரே கூப்பிட்டார். வருத்தமாக இருக்கிறது சார் என்றேன்.

"அட, அவ அந்த லெட்டர மூணு தடவ படிச்சா மேடம். நம்ம எழுதினத முழுசாப் படிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்லிருக்காக, அப்பச் சரின்னுட்டா. இப்ப என்னப் போட்டு உசுர எடுக்குறா, கணக்கு சொல்லித் தாங்கன்னு."

போன வருடம் அவளுக்குத் தேர்வு இருந்ததால் விண்ணப்பிக்கவில்லை. இந்த வருடம் விண்ணப்பிக்கப் போகிறாள் என்று போன வாரம் சொன்னார். விண்ணப்பம் வழக்கம்போல நவம்பரில், மழையில்தான் வரும். அதே பழைய கணினியிலிருந்துதான் அனுப்புவார். அப்போது இந்தக் கதவில் நீங்கள் இருப்பீர்கள்.